கால் படாத இடம்

கரண்ட் போனது மத்தியானச் சோறு வடிக்கிற நேரத்தில். காற்றாடி முனகி முனகி நின்றது, பக்கத்து வீட்டு ரேடியோ பாதிப் பேச்சில் அறுந்தது, தெருக்கோடி மாவு மில்லின் பெல்ட் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி, இனி எப்போது வரப்போகிறதோ என்ற சலிப்பில் அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். அங்கே மீட்டருக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

தட்டையான அலுமினியச் சக்கரம், விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. விளக்கைப் போட்டால் மெல்ல நகரும். அயர்ன் பாக்ஸைச் செருகினால் ஓடும். எல்லாவற்றையும் அணைத்தால் நின்றுவிடும். அதற்கு மேல் அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்தும் இருந்ததில்லை. ஆனால் தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது அது சுற்றக் கூடாது என்கிற அளவுக்குத் தெரியும். சுற்றியது. அதுவும் ஒழுங்காகச் சுற்றவில்லை. வெடுக், வெடுக், வெடுக் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. நின்றது. ஏதோ இளைப்பாறுகிற மாதிரி செத்த நேரம் சும்மா இருந்தது. மறுபடியும் வெடுக், வெடுக்.

சக்கரம் சுற்றுவதைப் பார்த்து ஒரு பொம்பளைக்கு ஏன் குமட்ட வேண்டும் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. எச்சில் ஊறியது, அதை விழுங்கப் பிடிக்காமல் எழுந்துபோய்ப் புறவாசலில் துப்பிவிட்டு வந்தாள்.

அருவருப்பு ஒன்றும் செல்லக்கனிக்குப் புதிதில்லை. டம்ளரை மூன்று தரம் அலசாமல் தண்ணீர் மோக்க மாட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கி வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையால் முகத்தைத் தொட மாட்டாள். சோப்பையே கழுவித்தான் வைப்பாள் என்று அவள் புருஷன் சோலைராஜ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீடு இது. முதல் பிரசவத்துக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தபோது, தான் வேலை பார்க்கும் பஞ்சு மில்லுக்குப் பக்கம் என்று சோலைராஜே பார்த்துப் பிடித்த வீடு. ஆம்பளை பார்த்த வீடு எப்படி இருக்கும்? சுவிட்சுகளில் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளாகப் படிந்திருந்தது. எத்தனை தரம் கழுவிவிட்டாலும் தரை காலில் லேசாக ஒட்டியது. மீட்டர் பலகைக்குப் பின்னால் பல்லி முட்டைத் தோடுகள். அந்தப் பலகையிலிருந்து சுவரோடு இறங்கித் தொட்டிலுக்குப் பின்னால் ஓடிப் புறவாசலுக்குப் போகிற எர்த் கம்பியில், தொட்டால் விரலோடு வருகிற ஒரு வழவழப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாடை. கறி கழுவிய தண்ணீரைக் கொட்ட மறந்துபோன வாடை. ஊதுவத்தி கொளுத்தினால் ஊதுவத்தியும் அந்த வாடையும் சேர்ந்து வந்தன.

வந்த வாரமே புறவாசல் குழாய் கையைச் சுருக்கென்று இழுத்தது. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டால் முழங்கை வரை விறுவிறுத்தது. அது எண்பத்தேழு, மழை சுத்தமாகப் பொய்த்த வருஷம். சோலைராஜ் போய் வயர்மேன் சங்கிலிப்பாண்டியைக் கூட்டிவந்தான். அந்த வீட்டுக்கு முதலில் வயரிங் செய்தவர் அவர்தான். தலை நரைத்த, பேச்சுக்கார மனுஷன். புறவாசல் மூலையில் இருந்த கல்மூடியை நெம்பி, எர்த் குழி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் காட்டினார். நடுவில் ஒரு இரும்புக் குழாய், சுற்றிலும் உப்பும் கரியும்.

"பாபநாசத்துத் தண்ணியில பொறந்து டவர் டவராத் தாண்டி உங்க வீட்டுக்கு வருது. வந்தது திரும்பிப் போகணும் தாயி," என்றார். "தப்பிச் சிந்துறது மண்ணுக்குள்ள எறங்கணும். மண்ணு காஞ்சு கெடந்தா உங்க மேல ஏறித்தான் எறங்கும். தெனமும் ஏதாச்சும் ஊத்தி ஈரமா வச்சுக்கோங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். குழிக்கு உப்பு வாங்கின கதையையும் சொன்னார். வீட்டுக்காரம்மா ஜெயபாய் காசு மிச்சம் பிடிக்க, தன் அண்ணனுடைய தோல் மண்டியிலிருந்து பழைய உப்பை அள்ளி அனுப்பினாராம். பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டித் தோல்களைப் போட்டுப் பதப்படுத்திய உப்பு. முடியும் சவ்வுமாக இருந்ததாம். உப்பு எந்த உப்பாக இருந்தால் என்ன, மண்ணுக்குள்ளே தானே கிடக்கப் போகிறது என்று சிரித்தார். அன்றைக்கு ராத்திரி செல்லக்கனி சாப்பிடவில்லை.

ஆனாலும் ஊற்றினாள். அரிசி கழுவிய கழுநீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். ஷாக் அடிப்பது நின்றது. பிறகு ஒரு நாள் மார்பில் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை குடித்தது போக மிச்சம் கல்லாக இறுகி வலித்தது. டம்ளரில் பீய்ச்சினாள். அதை எங்கே ஊற்றுவது? தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, யார் காலும் படாத இடத்தில் ஊற்ற வேண்டும், எறும்பு மொய்த்தால் பால் வற்றிப்போகும் என்று அம்மா பெத்தம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கருவேப்பிலைச் செடி இருந்தது. இந்த வீட்டில் புறவாசல் முழுக்கச் சிமெண்டு. சாக்கடையில் பன்றி வாய் வைக்கும். கால் படாத இடம் என்று பார்த்தால் அந்தக் குழி ஒன்றுதான் இருந்தது. கல்மூடியை நகர்த்தி ஊற்றினாள். ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு பால் உள்ளே போனது. துளி தேங்கவில்லை. எறும்பு ஒன்றுகூட வரவில்லை. எவ்வளவு சுத்தம் என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அதன் பிறகு தினமும் ஊற்றினாள்.

இப்போது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அது நினைவுக்கு வந்தது. சற்று முன்புதான் ஊற்றிவிட்டு வந்து கையைக் கழுவியிருந்தாள்.

மறுநாள் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுப் போய், ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைக் குழியில் ஊற்றிவிட்டு ஓடி வந்து பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. கழுநீரை ஊற்றினாள். அசையவில்லை. அப்பாடா, எல்லாம் பிரமை என்று மூச்சு விட்டுக்கொண்டு, பாலை ஊற்றிவிட்டு வந்தாள். வெடுக், வெடுக், வெடுக், வெடுக். நின்றது. பிறகு இன்னும் ஆசையாக, வெடுக், வெடுக்.

பிள்ளை பசித்து அழுதது. தூக்கி மடியில் போட்டு முலையைக் கொடுத்தாள். சின்னக் கன்னம் உள்வாங்கியது. நாலைந்து இழுப்பு. ஒரு ஓய்வு. நாலைந்து இழுப்பு. அவள் அண்ணாந்து மீட்டரைப் பார்த்தாள், குனிந்து பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி மீட்டரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே தாளத்தில் குடித்துக்கொண்டிருந்தன.

அன்றே பால் ஊற்றுவதை நிறுத்தினாள். நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தாள், பாவம்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மார்பில் சுருக் சுருக் என்று பால் இறங்கியது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, அழவும் இல்லை. ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்து, வயிற்றில் வழிந்து, பாவாடைக் கட்டில் தேங்கியது. வெதுவெதுப்பாக. யாரோ இழுக்கிற மாதிரி விட்டு விட்டு இறங்கியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சக்கரம் சுற்றியது. பிள்ளை எழுந்து அழுதபோது அவள் மார்பு துவண்டு காலியாக இருந்தது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, வாயை எடுத்துக்கொண்டு வீறிட்டது.

தினமும் இதே கூத்து. அவளுக்குத் தன் உடம்பே குமட்டியது. குளித்துவிட்டு வந்தாலும் புளித்த பால் வாடை போகவில்லை. அதற்கடியில் இன்னொரு வாடையும் சேர்ந்து வந்தது, அந்தக் கறி கழுவிய வாடை. துவைத்த ஜாக்கெட்டில் வந்தது. தலையணையில் வந்தது. சோற்றைப் பிசைந்தால் விரலில் வந்தது. பிள்ளையின் தொடையில் இருந்த மடிப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், முள் சரியாக நிற்கிறதா என்று தராசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. டின் பால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். பிள்ளை மூக்கு வழியாகக் கக்கியது. இப்படியே போனால் கஷ்டம் என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சோலைராஜிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன்தான். சிரிக்கவில்லை. மீட்டருக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தான். அவன் பார்க்கும்போது அது சும்மா இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் இல்லை, வேறொன்றும் இல்லை என்று அவளுக்குச் சொல்வதாகத் தனக்கே சொல்லிக்கொண்டான். மறுநாள் பூண்டும் பால்சுறாக் கருவாடும் வாங்கிவந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். கருவாட்டின் ஒவ்வொரு நாரும் தொண்டையில் முடி மாதிரி உறுத்தியது. தின்றது அவள், ஊறியது அவள் மார்பில், போனது அந்த மண்ணுக்கு.

சங்கிலிப்பாண்டி மறுபடியும் வந்தார். ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் முன்னாலேயே சக்கரம் நகர்ந்தது, செல்லக்கனி முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். மீட்டர் கோளாறாக இருக்கும், ஆபீஸில் சொல்லி மாற்றச் சொல்லலாம் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். டெஸ்டரை எர்த் கம்பியில் வைத்தார். எரியவில்லை. விரலால் கம்பியைத் தொட்டார். உடனே எடுத்து வேட்டியில் துடைத்தார். விரலை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார், தோல் சிவக்கிற மட்டும் துடைத்தார். அவ்வளவு பேசுகிற மனுஷன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டும்போதுதான் வாய் திறந்தார்.

"கரண்டுன்னா எனக்குத் தெரியும் தாயி. இது வெதுவெதுன்னு இருக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிருங்க."

அன்றைக்கே போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மறைத்துக்கொண்டு, வெளிக்காற்றை வாய் நிறைய இழுத்தாள். ஊரைத் தாண்டியதும் வாடை விட்டது. கண்ணீரே வந்துவிட்டது. தென்னந்தோப்பும் வயலும் பின்னால் ஓடின. ரோட்டோரக் கம்பங்கள் மட்டும் பின்னால் ஓடியும் தீரவில்லை. ஒரு கம்பம் போனால் அடுத்தது வந்தது, கம்பி தாழ்ந்து, உயர்ந்து, தாழ்ந்து, ஜன்னலுக்கு நேராகக் கூடவே வந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய பிறகும் தலைக்கு மேலே அதே கம்பிதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெத்தம்மாள் பேத்தியைக் கையில் வாங்கியதும் என்னட்டி இப்படி எலும்பாக் கொண்டாந்திருக்க என்று அழுதாள். அன்று சாயங்காலம் பிள்ளை குடித்தது. உண்மையாகக் குடித்தது. கன்னத்தில் ஓரமாகப் பால் வழிய, கையால் அவள் தாலியைப் பற்றிக்கொண்டு குடித்தது. செல்லக்கனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்தது, கொசு கடித்தது, அசையவில்லை. இனி அந்த வீட்டு வாசலையே மிதிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பிள்ளையை முலைக்கு எடுத்தபோது, அது வாயை வைக்கும் முன்பே பால் இறங்கியது. பிள்ளையின் நெற்றியில் பீய்ச்சியது. சுருக், சுருக், சுருக். ஓய்வு. சுருக், சுருக். செல்லக்கனி தலையைத் தூக்கவில்லை. அம்மா வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பிறந்து வளர்ந்த வீடு அது, கதவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில். தூக்கவே கூடாது என்று நினைத்தாள். அம்மாதான் சொன்னாள்.

"என்னட்டி இது? நம்ம வீட்டு மீட்டரு நொண்டுது."

அந்த வாடையும் வந்து சேர்ந்தது. கம்பி வழியாக வந்ததோ, தன் தோலுக்குள்ளிருந்தே வந்ததோ, அவளுக்குத் தெரியவில்லை. குடத்துத் தண்ணீரில் வந்தது. அம்மாவின் சேலையில் வந்தது. எங்கே போனாலும் வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது, தெருவுக்குத் தெரு கம்பி இருக்கிறது. கூமாப்பட்டி பெரியம்மா வீட்டுக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அங்கேயும் போன வருஷம் கம்பம் நட்டுவிட்டார்கள். பிள்ளையின் உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. அழுகைகூட இப்போது சத்தமாக இல்லை, கதவுக் கீல் முனகுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் செல்லக்கனிக்குக் கோபம் வந்தது. பயந்து பயந்து ஓடினது போதும் என்று வந்தது. எங்கே ஊற்றி வளர்த்தோமோ அங்கேயே போய் முடித்துவிட வேண்டும். அம்மா தடுத்தாள், அழுதாள், தானும் வருகிறேன் என்றாள். அம்மாவையும் அந்த வாடைக்குள் கூட்டிப்போக அவளுக்கு மனமில்லை. பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

சோலைராஜ் மில்லுக்குப் போயிருந்தான். வீட்டைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். தெருவில் கரண்ட் இல்லை, அது நல்லதாகப் போயிற்று. இருந்தாலும் மெயினை இழுத்தாள், ஃபியூஸைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பெரிய அண்டா நிறைய வெந்நீர் வைத்தாள். கொதிக்கக் கொதிக்கப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். கண் எரிந்தது. அந்தக் காட்டமான வாடை அவளுக்குச் சந்தனமாக இருந்தது.

புறவாசலில் வெயில் காய்ந்தது. அண்டாவைக் குழியோரம் இறக்கிவிட்டுக் கல்மூடியை நெம்பினாள். ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததும் நூல் நூலாக ஏதோ நீண்டு அறுந்து, மூடி வந்தது.

அவள் உப்பையும் கரியையும் தேடினாள். இல்லை. மண்ணும் இல்லை. குழி முழுக்க வெளிர்ச் சிவப்பாக, ஈரமாக, வழவழப்பாக ஒன்று. அது என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்தது, தினமும் விரல் விட்டுத் துடைக்கிற ஒன்றுதானே. பல் முளைக்காத ஈறு. வட்டமாக, மடிப்பு மடிப்பாக, நடுவில் நின்ற இரும்புக் குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஆட்டுக்குட்டி முடி, நனைந்து படிந்து கிடந்தது. மடிப்புகளின் இடுக்கில் திரைந்த பால், மஞ்சளாக, அழுக்காக. அவளுடைய பால். நிழல் பட்டதும் அது குழாயை விட்டுச் சற்று அகன்றது. அவள் பக்கமாகக் குவிந்தது. ச்ப், ச்ப் என்று வெறும் காற்றைச் சப்பியது.

அவள் ஜாக்கெட் நனைந்தது.

சீ என்று ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. அண்டாவைத் துணியால் பிடித்துத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். கத்தும் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. வெளுத்தது. சுருங்கியது. இறுக மூடிக்கொண்டது. பிறகு அடியிலிருந்து ஒரு குமுறல் கிளம்பி, இத்தனை நாள் குடித்ததெல்லாம் மேலே வந்தது. கட்டி கட்டியாக. முடியும் சவ்வும் கலந்து. குழி விளிம்பில் பொங்கி அவள் கால் விரல்களுக்கிடையில் ஓடியது. வெதுவெதுப்பு. அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இரண்டு வாந்தியும் சிமெண்டில் ஒன்றாகக் கலந்ததைப் பார்த்து மறுபடியும் எடுத்தாள்.

நிமிர்ந்தபோது குழி காலி. வெறும் ஓட்டை. பொங்கியது எல்லாம் அதற்குள்ளேயே வடிந்து எங்கோ போய்விட்டது. மார்பில் இழுப்பு நின்றிருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். கனமாக, நிறைவாக, கட்டியாக இருந்தது. பால் உள்ளேயே தங்கிவிட்டது. இனி இது பிள்ளைக்கு மட்டும்தான். கால் கழுவக்கூட நிற்காமல், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உள்ளே ஓடினாள்.

கூடத்தில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் தரையில் கிடந்தது. காற்றாடி மெதுவாக, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது. அவள் மீட்டரைப் பார்த்தாள். சக்கரம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இதுவரை போனது இப்போது திரும்பி வந்துகொண்டிருந்தது. வெடுக். வெடுக். ஓய்வு.

ஓய்வில் ஒரு சத்தம். மடக். விழுங்குகிற சத்தம்.

தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளை. கழுத்து நிற்காத பிள்ளை. துணியைத் தாண்டித் தலையை வெளியே நீட்டியிருந்தது. கழுத்து நன்றாக நின்றது. இரண்டு கையாலும் சுவரைப் பற்றியிருந்தது. வாயில் எர்த் கம்பி.

கன்னம் உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மடக். வாயோரத்தில் மஞ்சளாகத் திரைந்த பால். மோவாயில் ஒட்டிய பொடி முடி. மடக். வயிறு உப்பியிருந்தது. தொடையில் மடிப்பு விழுந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கப் பார்க்க.

சமையலறைக்கு ஓடி அரிவாளை எடுத்துவந்தாள். கம்பியில் வைத்தாள். ஒரே போடு போதும்.

கை இறங்கவில்லை. பிள்ளை குடிக்கிறது. எத்தனை நாளைக்குப் பிறகு வயிறு நிறையக் குடிக்கிறது. உச்சிக்குழி மேடேறிவிட்டது. உதட்டில் ரத்தம் ஓடுகிறது. வெட்டிவிட்டால் எதைக் குடிக்கும்?

அரிவாளைக் கீழே போட்டாள். ஜாக்கெட்டைத் தளர்த்தி, பால் சொட்டுகிற முலையைப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இங்க வா கண்ணு," என்றாள். "அம்மாட்ட வா."

பிள்ளை கம்பியை விட்டது. ஈறு விடுபட்ட சத்தம் கேட்டது. திரும்பி அவளைப் பார்த்தது, தெளிவாக, ஒரு பெரிய மனுஷி பார்க்கிற மாதிரி. முலையை மோந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. உதடு கோணியது. அழுகிய எதையோ பார்த்த மாதிரி முகத்தைச் சுளித்து, குமட்டலோடு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடி, மறுபடியும் குடிக்கத் தொடங்கியது.